மதுவைத் திட்டி விற்ற சரக்கு

ஒரு தின்பண்டத்தையோ பானத்தையோ விற்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. 'இதைச் சாப்பிடு, உடம்புக்கு நல்லது' என்று சொல்லுவது ஒரு வழி. 'இதைச் சாப்பிடாவிட்டால் அந்தப் பாழாய்ப்போன கடைக்குள் நுழைந்துவிடுவாய், ஜாக்கிரதை!' என்று சொல்லுவது இன்னொரு வழி. முதலாவது நமக்குப் பழகினது. சுக்குக் காப்பிக்காரனும் இளநீர்க்காரனும் அதைத்தான் செய்கிறார்கள். இரண்டாவது கொஞ்சம் விசித்திரமானது. அதில் தன் சரக்கின் குணத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டிய சிரமம் இல்லை. எதிரியின் குணத்தைப் பேசினால் போதும்.

இந்த இரண்டாவது வழியைப் பற்றி எனக்கு நினைப்பு வந்ததே தற்செயலாகத்தான். ஒரு நண்பர் வீட்டில், பழைய அமெரிக்க விளம்பரப் படங்களைத் தொகுத்து அச்சிட்ட கனமான புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நண்பர் உள்ளே போய்க் காப்பி போடச் சொல்லிவிட்டு வருவதற்குள் ஒரு பக்கத்தில் கண் நின்றுவிட்டது. கொழுகொழுவென்று ஒரு குழந்தை; ரோஜாக் கன்னம்; கையில் நுரை பொங்கும் ஒரு கோப்பை. கோப்பையில் இருப்பது என்ன என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது: பீர்! அதற்குப் பக்கத்திலேயே, இது மதுவிலக்குப் பானம் என்றும் போட்டிருந்தது. குழந்தை, பீர், மதுவிலக்கு, இந்த மூன்றும் ஒரே காகிதத்தில் எப்படிக் குடியிருக்க முடியும்? காப்பி வந்தது, ஆறியும் போயிற்று. நான் அந்தக் குழந்தையின் பூர்வோத்தரத்தை விசாரிக்கக் கிளம்பிவிட்டேன்.

சமாசாரம் புரிய வேண்டுமானால், அந்தக் காலத்து அமெரிக்கர்கள் எப்படிக் குடித்தார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1830-ம் வருஷ வாக்கில், பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஓர் அமெரிக்கர் வருஷத்துக்குச் சராசரி 7 காலன் சுத்த சாராயம் குடித்தார் என்று சரித்திரக்காரர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சாராயம் கலந்த பானம் அல்ல, அதிலுள்ள சாராயம் மட்டும் 7 காலன். குடிக்காதவர்களையும் பெண்களையும் சேர்த்து எடுத்த சராசரி அது. ஆகையால் குடித்தவர்கள் எப்படிக் குடித்திருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம். சம்பளத்தைச் சாராயக் கடையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வரும் புருஷனுக்காக வாசலில் காத்திருந்த பெண்களின் வயிற்றெரிச்சல்தான் அந்த நாட்டின் மதுவிலக்கு இயக்கத்துக்கு நெருப்பு மூட்டியது. 1826-ல் பாஸ்டனில் ஒரு சங்கம் பிறந்தது. 1851-ல் மெயின் என்ற மாநிலம் சட்டமே போட்டது. 1874-ல் கிறிஸ்தவ மாதர் மதுவிலக்குச் சங்கம் தோன்றிப் பிற்பாடு நாடு முழுவதும் கிளை விட்டது.

குடிக்காதே என்று சொல்லிவிடலாம். அப்புறம், 'சரி, வேறு என்ன குடிக்கிறது?' என்று அவன் கேட்பானே, அதற்குப் பதில் வேண்டாமா? சங்கத்துப் பெண்கள் பச்சைத் தண்ணீர் என்றார்கள். ஊருக்கு ஊர் குடிதண்ணீர்க் குழாய்களைக் கட்டியும் வைத்தார்கள். நல்ல காரியந்தான். ஆனால் பச்சைத் தண்ணீரைக் காசுக்கு விற்பதென்று அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை. (இந்தக் காலத்து வியாபாரிகளுக்கு அந்தச் சங்கோசம் இல்லை.) ஆகவே, தண்ணீருக்கும் சாராயத்துக்கும் நடுவில் காலியாகக் கிடந்த இடத்தில் கடை போட ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலும் மருந்துக் கடைக்காரர்கள்.

நான் பார்த்த படத்துக்குச் சொந்தக்காரர் சார்லஸ் ஹையர்ஸ் என்பவர். பிலடெல்பியாவில் மருந்துக் கடை வைத்திருந்தார். மது தொடாத குவேக்கர் கூட்டத்தோடு சேர்ந்தவர். புதிதாகக் கல்யாணமாகி மனைவியோடு நியூ ஜெர்ஸிக்குப் போயிருந்தபோது, தங்கிய விடுதியில் வேர்களையும் பட்டைகளையும் போட்டுக் காய்ச்சிய கஷாயம் ஒன்று கிடைத்ததாம். அதன் ருசியில் சொக்கிப்போய் ஊர் திரும்பியதும் அதைப் போலவே தயாரிக்க ஆரம்பித்தார் என்பது கதை. 'வேர்த் தேநீர்' என்று பெயர் வைக்க இருந்தார். ஒரு பாதிரி நண்பர் தடுத்தார். 'பென்ஸில்வேனியாவில் நிலக்கரிச் சுரங்கத்து முரடர்கள் தேநீர் என்றால் திரும்பிப் பார்ப்பார்களா? பீர் என்று வையும்' என்று அவர் யோசனை சொன்னதாகச் சொல்லுவார்கள். 'ரூட் பீர்' பிறந்தது இப்படித்தான். குடியைக் கெடுக்கக் குடியின் பெயரையே இரவல் வாங்கிக்கொண்டார்கள்.

1876-ல் பிலடெல்பியாவில் அமெரிக்க சுதந்தரத்தின் நூற்றாண்டுப் பொருட்காட்சி நடந்தது. அங்கே ஹையர்ஸ் தம் பானத்தை அறிமுகப்படுத்தினார். பானம் என்றால் பானமாக அல்ல, பொட்டலமாக. 25 சென்ட் கொடுத்து வாங்கிக்கொண்டு போய், வீட்டில் தண்ணீரும் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து வைத்தால் 5 காலன் கிடைக்கும். ஊர்ப்பட்ட விளம்பரம் செய்தார். உடம்புக்கு நல்லது, ரத்தத்துக்கு நல்லது என்று முதல் வழியிலும் செய்தார். மதுவிலக்குப் பானம் என்று இரண்டாவது வழியிலும் செய்தார். அம்மாக்கள் வாங்கினார்கள். குழந்தைகள் குடித்தன.

வந்தது வினை. சர்க்கரைத் தண்ணீரில் ஈஸ்டைப் போட்டு மூடி வைத்தால் என்ன ஆகும் என்பது ரசாயனம் படிக்காதவனுக்கும் தெரியும். 1895-ல் மாதர் மதுவிலக்குச் சங்கம் விழித்துக்கொண்டு, 'இந்தப் பானத்தைத் தொடாதீர்கள்' என்று பகிஷ்காரம் செய்தது. மதுவை ஒழிக்க வந்தவர் மது விற்கிறார் என்று அவர்கள் கட்சி. ஹையர்ஸுக்கு எப்படி இருந்திருக்கும்! மூன்று வருஷம் அந்தப் பெண்களின் கோபத்தைச் சுமந்துகொண்டு வியாபாரம் செய்தார். 1898-ல் ஒரு ரசாயன சாலையில் பரீட்சை செய்வித்துப் பத்திரம் வாங்கினார். ஒரு பாட்டில் ரூட் பீரில் இருக்கும் சாராயம், அரை ரொட்டியில் இருப்பதற்கு மேல் இல்லை என்று பரீட்சை சொல்லிற்று. ரொட்டியிலும் ஈஸ்ட் போடுகிறார்கள் அல்லவா? ரொட்டியைப் பகிஷ்காரம் செய்ய முடியாது. சங்கம் தடையை எடுத்துவிட்டது.

இதில் இன்னொரு சங்கதி. அந்தப் பானத்துக்கு வாசனை கொடுத்த வேர்களில் முக்கியமானது ஸஸ்ஸபிராஸ் என்ற மரத்து வேர். அதிலுள்ள ஸாப்ரோல் என்ற பொருள் எலிகளுக்கு ஈரலில் புற்றுநோய் உண்டாக்குகிறது என்று கண்டு, 1960-ல் அமெரிக்க சர்க்கார் அதை உணவில் சேர்க்கக் கூடாது என்று தடை போட்டது. சாராயம் எத்தனை என்று மூன்று வருஷம் சண்டை போட்ட யாரும் வேரைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்று சொல்லக்கூடியவர் இல்லை.

ஹையர்ஸுக்கு ஏழு வருஷம் முந்தியே, நியூ ஜெர்ஸியிலுள்ள வைன்லாண்டு என்ற ஊரில் தாமஸ் வெல்ச் என்ற பல் வைத்தியர் திராட்சையில் இறங்கியிருந்தார். அந்த ஊரே ஒரு வேடிக்கை. மது விற்கக் கூடாது என்ற கொள்கையோடு ஸ்தாபித்த ஊர். ஆனால் எங்கு பார்த்தாலும் திராட்சைக் கொடி. வெல்ச் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். மதுவை அடியோடு வெறுத்தவர். அவருக்கு ஒரு தர்ம சங்கடம். மாதா கோவிலில் இராப்போஜனத்தின்போது கொடுப்பது ஒயின். வாரம் முழுவதும் குடிக்காதே என்று பிரசங்கம் செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பலிபீடத்தின் முன்னால் நின்று அதையே நீட்டுவதா?

தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு இந்தச் சங்கடம் அவ்வளவாகத் தட்டுப்படாது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த இடங்களில் எல்லாம் 'திராட்சரசம்' என்று போட்டுவிட்டார்கள். ரசம் புளித்ததா புளிக்காததா என்பதை வாசகர் இஷ்டத்துக்கு விட்டுவிட்ட அருமையான சொல் அது. இங்கிலீஷில் அந்த வசதி இல்லை. ஒயின் என்றால் ஒயின்தான். ஆகையால் வெல்ச் அகராதியை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார். கனிரசம் புளிப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களால் என்றும், சூடேற்றினால் அவை செத்துப்போகும் என்றும் பாஸ்டியர் பிரான்ஸில் கண்டுபிடித்துச் சில வருஷங்களே ஆகியிருந்தன. 1869-ல் வெல்ச் தம் வீட்டுப் பந்தலிலிருந்து பறித்த திராட்சையைப் பிழிந்து, புட்டியில் அடைத்து, வெந்நீரில் வைத்து எடுத்தார். புட்டிகள் புளிக்கவில்லை. 'டாக்டர் வெல்ச்சின் புளிக்காத ஒயின்' என்று பெயரிட்டுச் சபைகளுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

நம் பனையேறிகளுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அதே பனை, அதே பாளை, அதே கலயம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் விடியற்காலையில் பதநீர். தடவாவிட்டால் அது வேறு சமாசாரம். வெல்ச் சுண்ணாம்புக்குப் பதிலாக வெந்நீரை உபயோகித்தார், அவ்வளவுதான்.

ஆனால் சபைகள் வாங்கவில்லை. பக்தர்களுக்குப் பழைய ஒயினே போதுமாயிருந்தது. நாலு வருஷம் அலைந்துவிட்டுக் கிழவர் பல்லைப் பிடுங்கவே திரும்பிப் போய்விட்டார். அவர் மகன் சார்லஸ் விடவில்லை. அவனும் பல் வைத்தியன்தான். கோவிலை நம்பினால் காலம் தள்ள முடியாது என்று தெரிந்துகொண்டு கடைத்தெருவுக்கு வந்தான். 'ஒயின்' என்ற சொல்லைக் கழற்றிப் போட்டுவிட்டு 'திராட்சைச் சாறு' என்றான். பத்திரிகைகளில் விளம்பரம் செய்தான். 1893-ல் சிக்காகோ உலகப் பொருட்காட்சியில் அந்தச் சாறு நல்ல பெயர் வாங்கியது. 1913-ல் அமெரிக்க அயல்நாட்டு மந்திரியாக இருந்த வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், பிரிட்டிஷ் தூதருக்குக் கொடுத்த விருந்தில் ஒயினுக்குப் பதில் இந்தச் சாற்றைப் பரிமாறினார். பத்திரிகைக்காரர்கள் அவரைக் கேலி செய்து தீர்த்தார்கள். கேலி செய்த ஒவ்வொரு பத்திரிகையும் வெல்ச்சுக்குக் காசில்லாத விளம்பரம்.

இதற்கு நேர் தலைகீழான ஒரு கூத்து பிறகு நடந்தது. 1920 ஜனவரியில் நாடு முழுவதற்கும் மதுவிலக்கு வந்தது. கலிபோர்னியாவில் ஒயினுக்கென்றே திராட்சை பயிரிட்டவர்கள் கொடியை வெட்டுவதா வேண்டாமா என்று யோசித்தார்கள். சட்டத்தில் ஓர் இடுக்கு இருந்தது. வீட்டு உபயோகத்துக்கு, போதை தராத பழச்சாறு தயாரித்துக்கொள்ளலாம். அந்த இடுக்கு வழியாகத் திராட்சைச் செங்கல் ஒன்று வெளியே வந்தது. சாற்றைக் கெட்டியாக்கிச் செங்கல் மாதிரி அழுத்தி, காகிதம் சுற்றி விற்றார்கள். தண்ணீரில் கரைத்தால் திராட்சைச் சாறு. கூடவே ஓர் எச்சரிக்கையும் உண்டு: கரைத்ததை ஜாடியில் ஊற்றி இருபது நாள் அலமாரியில் வைத்துவிடாதீர்கள், வைத்தால் அது ஒயினாக மாறிவிடும்!

நான் கதை எழுதுகிறவன். ஒரு வாக்கியத்தில் சொல்லாமல் சொல்வது எப்படி என்று எத்தனையோ ராத்திரி மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த எச்சரிக்கையை எழுதின குமாஸ்தா யாரோ, அவருக்கு என் நமஸ்காரம். மதுவிலக்குப் போதனையும் மது தயாரிக்கும் செய்முறையும் ஒரே வரியில்!

செங்கல்லோடு நிற்கவில்லை. கலிபோர்னியாத் திராட்சைக்காரர்களின் கூட்டு ஸ்தாபனம் ஒன்று, 'வைன்-குளோ' என்ற பெயரில் கெட்டிச் சாற்றைப் பீப்பாயோடு வீட்டுக்கே அனுப்பிற்று. போர்ட், மஸ்கட், பர்கண்டி என்று வகை வகையாக. ஆள் வந்து வைத்துவிட்டுப் போவான். அறுபது நாள் கழித்து வந்து புட்டியில் அடைத்தும் கொடுப்பான். இந்த ஸ்தாபனத்துக்கு வக்கீல் யார் தெரியுமா? மேபல் வில்லிபிராண்ட் அம்மையார். 1921 முதல் 1929 வரை அமெரிக்க சர்க்காரில் மதுவிலக்குச் சட்டத்தை அமல் நடத்தும் வழக்குகளுக்குப் பொறுப்பாக இருந்த அதே அம்மையார்தான். 1931-ல் ஒரு கோர்ட்டு இப்படிப்பட்ட வியாபாரம் சட்ட விரோதம் என்று சொன்ன பிறகு வைன்-குளோ கடையைக் கட்டியது. இரண்டு வருஷத்தில் மதுவிலக்கே கடையைக் கட்டிவிட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியது. இனி சொல்லப் போவதை அப்படிச் சொல்ல எனக்கு வரவில்லை.

ஜான் பெம்பர்ட்டன் ஜார்ஜியா மாநிலத்துக்காரர், 1831-ல் பிறந்தவர். மருந்துக் கடைக்காரர். பச்சிலை, மூலிகை என்று எதையாவது அரைத்துக் காய்ச்சிக்கொண்டே இருக்கும் சுபாவம். உள்நாட்டு யுத்தத்தில் தென்பகுதிப் படையில் சேர்ந்தார். 1865 ஏப்ரல் 9-ந் தேதி தென்பகுதியின் பெரிய தளபதி லீ சரணடைந்துவிட்டார். யுத்தம் முடிந்த மாதிரிதான். ஆனால் முடிந்த யுத்தம் முடிந்தது என்று எல்லாருக்கும் ஒரே நாளில் தெரிந்துவிடுகிறதா? ஒரு வாரம் கழித்து, 16-ந் தேதி, கொலம்பஸ் என்ற ஊரில் ஒரு சண்டை நடந்தது. அந்தத் தேவையில்லாத சண்டையில் பெம்பர்ட்டனின் மார்பில் வாள் வெட்டு விழுந்தது. பிழைத்தார். வலிக்கு மார்பியா கொடுத்தார்கள். வலி போன பிறகும் மார்பியா போகவில்லை.

இவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. அந்த யுத்தத்திலிருந்து எத்தனையோ சிப்பாய்கள் இந்தப் பழக்கத்தோடுதான் வீடு திரும்பினார்கள். ஆனால் மற்றவர்கள் மருந்துக் கடைக்குப் போய் வாங்க வேண்டியிருந்தது. பெம்பர்ட்டன் கடைக்குச் சொந்தக்காரர். பட்டினிக்காரனைச் சமையல்கட்டில் வைத்துப் பூட்டினது போல, அலமாரி பூராவும் அந்தச் சரக்கு நிற்க, நடுவில் அவர் நின்றார்.

தமக்கு வேண்டிய மாற்று மருந்தைத் தாமே கண்டுபிடித்துவிட முடியும் என்று அவர் நம்பினார். அப்போது உலகம் முழுவதும் ஒரு புது இலையைப் பற்றிப் பேச்சாக இருந்தது. தென் அமெரிக்காவில் பெரு தேசத்து மலைவாசிகள் மெல்லும் கோக்கா இலை. (சாக்லேட்டுக்கு உபயோகிக்கும் கொக்கோ வேறு; குழப்பிக்கொள்ளக் கூடாது.) அதன் சத்துத்தான் கொக்கெயின். மார்பியாப் பழக்கத்தை அது முறித்துவிடும் என்று பெரிய பெரிய டாக்டர்களே எழுதினார்கள். 1884-ல் வியன்னாவில் இருபத்தெட்டு வயது டாக்டர் ஒருவர் அதைப் புகழ்ந்து ஒரு கட்டுரை எழுதினார். மார்பியாவுக்கு அடிமையாகிக் கிடந்த தம் அருமை நண்பர் பிளைஷலுக்கு அதைக் கொடுத்தும் பார்த்தார். நண்பர் மார்பியாவோடு கொக்கெயினுக்கும் அடிமையாகி, 1891-ல் இறந்துபோனார். அந்த டாக்டர் ஸிக்மண்ட் பிராய்டு. பிற்காலத்தில் மனசின் இருட்டறைகளைத் துழாவிப் பேர் வாங்கியவர். இந்த ஓர் அறை மட்டும் அவரையே துன்புறுத்திக்கொண்டிருந்தது.

பிரான்ஸில் மரியானி என்பவர் ஒயினில் இந்த இலையை ஊறவைத்து விற்றுப் பணமாகக் குவித்துக்கொண்டிருந்தார். போப்பாண்டவரே அதைப் புகழ்ந்து பதக்கம் கொடுத்தார். அதைப் பார்த்து, பிராய்டு கட்டுரை எழுதின சமயத்தில்தான், அட்லாண்டாவில் பெம்பர்ட்டன் 'பிரெஞ்சு ஒயின் கோக்கா' என்ற பானத்தைத் தயாரித்தார். ஒயின், கோக்கா இலை, ஆப்பிரிக்காவின் கோலா விதை. மார்பியாவிலும் அபினிலும் சிக்கினவர்களுக்கு இது ஒரு வரப்பிரசாதம் என்று விளம்பரம் செய்தார்.

விளம்பரங்களில் பொய் எழுதுவது புதிதல்ல. ஆனால் இதை எழுதினவர் தாம் சொன்ன நோயில் தாமே கிடந்தவர். இது பொய்யா, பிரார்த்தனையா? எனக்குப் பிரார்த்தனை என்றுதான் படுகிறது. தெருவில் 'சகல ரோக நிவாரணி' விற்கிறவனைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அவனே ராத்திரி அதில் ஒரு மடக்குக் குடித்துவிட்டு விடியுமா என்று காத்திருக்கிறான் என்று தெரிந்தால் என்ன செய்வது?

சரக்கு நன்றாக விற்றது. அந்தச் சமயத்தில், 1885 நவம்பரில், அட்லாண்டா நகரத்தார் ஓட்டுப் போட்டு மதுவிலக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஜூலை முதல் தேதி அமல். பெம்பர்ட்டனின் பானத்தில் ஒயின் இருக்கிறது! மதுவிலக்குக்காரர்களுக்கு ஒயின்தான் கண்ணில் பட்டது; இலை படவில்லை. கொக்கெயினைத் தடுக்க அன்று சட்டம் இல்லை. எனவே அவர் ஒயினை எடுத்துவிட்டார். எடுத்ததும் கசப்பு தலைகாட்டியது. அதை மறைக்கச் சர்க்கரையைக் கொட்டினார். சர்க்கரை திகட்டாமலிருக்கப் புளிப்புச் சேர்த்தார். மாதக்கணக்கில் காய்ச்சிக் காய்ச்சிப் பதம் பார்த்தார். கணக்கு எழுத வந்த கூட்டாளி பிராங்க் ராபின்ஸன், இலையையும் விதையையும் சேர்த்து 'கோக்கா-கோலா' என்று பெயர் வைத்து, தம் அழகான கையெழுத்தில் எழுதியும் கொடுத்தார். அந்த எழுத்துத்தான் இன்று வரை.

1886 மே 8-ந் தேதி ஜேக்கப்ஸ் மருந்துக் கடையில் ஒரு கிளாஸ் 5 சென்ட் என்று விற்பனை ஆரம்பம். மூளைக்குத் தெம்பு, தலைவலிக்கு மருந்து, இவற்றோடு மதுவிலக்குப் பானம் என்ற பட்டம். சாராயக் கடையை மூடின ஊரில், சோடாக் கடைப் பலகைக்கு முன்னால் ஆண்கள் கௌரவமாக நின்று குடிக்க ஒன்று கிடைத்தது. அதில் கொக்கெயின் இருந்தது. அதைத் தயாரித்தவர் மார்பியா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஊர் மதுவை ஒழித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தது. அந்த நினைப்பும் வெகு நாள் நிற்கவில்லை. 1887 நவம்பரில் மறுபடி ஓட்டுப் போட்டு மதுவைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

முதல் வருஷத்தில் நாளொன்றுக்குச் சராசரி 9 கிளாஸ் விற்றதாம். பெம்பர்ட்டனுக்கு வயிற்றில் புற்றுநோய் வேறு கண்டுவிட்டது. மார்பியாவுக்குக் காசு வேண்டும். தம் பானத்தின் உரிமையைப் பங்கு பங்காக விற்க ஆரம்பித்தார். மகன் சார்லிக்கென்று ஒரு பங்கை வைத்துவிட்டுப் போக ஆசைப்பட்டாராம். மகன் பங்கைவிட ரொக்கத்தையே விரும்பினான் என்பார்கள்.

வாங்கியவர் ஆசா காண்ட்லர். இவரும் மருந்து வியாபாரி, சுத்தமான மெதடிஸ்ட், மது தொடாதவர், அண்ணன் தம்பிகளில் ஒருவர் பிஷப்பாகவே ஆனார். 1891-க்குள் முழு உரிமையும் அவர் கைக்கு வந்துவிட்டது. மொத்தம் 2,300 டாலர் கொடுத்ததாகச் சொல்லுகிறார்கள். இவர் கையில் பானம் நாடு முழுவதும் பரவியது. 1898-ல் ஸ்பெயின் யுத்தச் செலவுக்காக சர்க்கார் மருந்துகளுக்கு வரி போட்டது. அதுவரை தலைவலி மருந்து என்று விளம்பரம் செய்த கம்பெனி, 'எங்களுடையது மருந்தே அல்ல, வெறும் பானம்' என்று கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தது. 1903 வாக்கில், சத்து எடுத்த சக்கை இலையை உபயோகித்துக் கொக்கெயினையும் ஏறக்குறைய நீக்கிவிட்டார்கள். நீக்கியதற்கு ஆரோக்கிய சிந்தனை மட்டும் காரணம் அல்ல. கறுப்பர்கள் கொக்கெயின் சாப்பிட்டு வெறி கொள்ளுகிறார்கள் என்று தென்பகுதி வெள்ளைக்காரர்கள் கிளப்பின பீதியும் ஒரு காரணம்.

ஆனாலும் ஜனங்கள் மறக்கவில்லை. தென்பகுதியில் வெகு காலம் வரை அந்தப் பானத்துக்கு வழங்கின பட்டப்பெயர் 'டோப்'. லாகிரி வஸ்து என்று அர்த்தம். மதுவிலக்குப் பானம் என்று கம்பெனி எழுதிற்று. 'ஒரு டோப் கொடு' என்று ஜனங்கள் வாங்கினார்கள்.

1909-ல் சர்க்கார் ரசாயன இலாகாவின் தலைவர் ஹார்வி வைலி, டென்னஸி மாநிலத்தில் பானத்துக்கான பாகை வழிமறித்துப் பறிமுதல் செய்வித்தார். வழக்கின் பெயரைக் கேளுங்கள்: 'அமெரிக்க ஐக்கிய நாடு எதிர் 40 பெரிய பீப்பாய், 20 சின்னப் பீப்பாய் கோக்கா-கோலா.' பிரதிவாதி பீப்பாய்! குற்றச்சாட்டு இரண்டு. ஒன்று, காபீன் என்ற தீய வஸ்து கலந்திருக்கிறது. இரண்டாவது, கோக்கா-கோலா என்று பெயர் வைத்துவிட்டுக் கோக்காவும் இல்லை, கோலாவும் இல்லாததற்குச் சமம், ஆகையால் மோசடி. அதாவது, விஷத்தை எடுத்தது தப்பு என்று ஒரு குற்றம். வேறு விஷத்தை வைத்திருக்கிறாய் என்று ஒரு குற்றம். 1911-ல் கீழ்க் கோர்ட்டில் கம்பெனிக்கு ஜெயம். 1916-ல் உச்ச நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பிற்று. கடைசியில் கம்பெனி காபீனைப் பாதியாகக் குறைத்து, செலவுத் தொகையையும் கட்டி, ராஜியாகப் போயிற்று. சர்க்கரையைப் பற்றி யாரும் வழக்குப் போடவில்லை. ஒயின் இருந்த இடத்தில் உட்கார்ந்த சர்க்கரை உட்கார்ந்ததுதான்.

பெம்பர்ட்டனுக்கு இந்த வழக்கும் தெரியாது, வெற்றியும் தெரியாது. 1888 ஆகஸ்டு 16-ந் தேதி அவர் காலமானார். கடைசி வரை மார்பியா விடவில்லை. யுத்தத்தில் வெட்டுப்பட்ட அதே கொலம்பஸ் ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். ஆறு வருஷம் கழித்து, 1894-ல், மகன் சார்லியும் போய்ச் சேர்ந்தான். அவனையும் அபின்தான் கொண்டுபோயிற்று. அந்த வருஷந்தான், மிஸிஸிப்பி மாநிலத்தில் விக்ஸ்பர்க் என்ற ஊரில் ஒரு மிட்டாய்க் கடைக்காரர், கிளாஸில் மட்டும் விற்றுவந்த அந்தப் பானத்தை முதல் தடவையாகப் புட்டியில் அடைத்துச் சுற்றுப்புறத்துத் தோட்டங்களுக்கு அனுப்ப ஆரம்பித்தார்.